வெர்னா கோர்க்கத்தின் முகவரி

வெர்னா கோர்க்கம் எதற்கும் முடியாது என்று சொன்னதாக எங்கள் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. தேவாலய விருந்துக்கு முட்டை சாண்ட்விச் செய்ய ஆள் வேண்டுமா, வெர்னா. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் அவருடைய பூனைக்குச் சோறு வைக்க வேண்டுமா, வெர்னா. நாங்கள் இதை அவளுடைய நல்ல குணம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் அது எங்களுடைய சோம்பேறித்தனம்.

அவள் வேலை பார்ப்பது ஐஸ் ஹாக்கி அரங்கத்தில். நோவா ஸ்கோஷியாவின் கடலோரச் சிற்றூர்களில் மாதா கோயிலுக்கு வராதவன்கூட ஹாக்கி அரங்கத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். இளவயதில் அவள் அங்கே கேன்டீனில் நின்று உருளைக்கிழங்கு வறுவலுக்குக் குழம்பு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்துக்கு நடுவே ஐஸ் தரையை வழித்து மழமழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிற ஆள் ஒரு சனிக்கிழமை முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். ஆட்டம் பாதியில் நிற்கிறது. வெர்னா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "சமையல்கட்டத் துடைக்கிற மாதிரி நல்லா தொடை வெர்னா!" என்று மேல் வரிசையிலிருந்து ஒரு குரல் வர, ஆண்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுற்றிச் சுற்றி வந்து அவள் இறங்கியபோது ஐஸ் பளபளவென்று கிடந்தது. அன்று ஏறியவள்தான், இருபத்தைந்து வருடமாக அந்த இருக்கை அவளுடையது.

துறைமுகத் தெருவில் ஒரு பழைய மரவீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தாள். மகளை வளர்த்ததும், அவளைக் கட்டிக்கொடுத்து மேற்கே அல்பெர்ட்டாவுக்கு அனுப்பியதும் அங்கிருந்துதான். வீட்டுக்காரக் கிழவர் காலமானார். வெளியூரில் இருந்த மகன் வந்தான், பார்த்தான், கடல் தெரியும் மாடியைக் கோடைக்கால விருந்தாளிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதென்று முடிவெடுத்தான். எல்லாம் சட்டப்படி, எல்லாம் மரியாதையாக. அவள் வேறு வீடு தேடினாள். வாடகை வீடு என்பதே எங்கள் ஊரில் அபூர்வப் பொருளாகிவிட்டிருந்தது. அப்படியே ஒன்று அகப்பட்டாலும் சம்பளத்தை முழுசாக வாடகைக்குக் கொடுத்துவிட்டு வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

உள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்த, தம்பியின் பழைய கேம்பர் வேன் ஒன்று சும்மா நின்றது. கோடை முழுவதும், விடுமுறைக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்தித் தங்கும் கடற்கரை முகாமில் அதில் இருந்தாள். "காத்தோட்டமா இருக்கேன்," என்று எல்லோரிடமும் சொன்னாள். அக்டோபரில் முகாமை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வேனைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஹாக்கி அரங்கத்துக்குப் பின்னால் இருக்கிற பெரிய பார்க்கிங். மூன்றாவது வரிசையில், தெருப்பனியை வாரிக் கொட்டும் குவியலுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினால் சாலையிலிருந்து தெரியாது. அரங்கத்துச் சாவி அவளிடம் இருந்ததால் குளியல் ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறையில். தம்பி வீட்டில், பக்கத்துக் கிராமத்தில் இருப்பதாக ஊரிடம் ஒரு கதை.

காரியம் காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது. "விடியறதுக்கு முன்னாடியே வந்துடறா, எல்லாரும் போன அப்புறம்தான் போறா. இப்படி ஒரு உழைப்பாளிய எங்க பாக்கறது?" என்று நாங்கள் வியந்துகொண்டிருந்தோம். கிறிஸ்துமஸ் விருந்தில் சிறந்த ஊழியருக்கான கேடயத்தைக் கைதட்டிக் கொடுத்தோம். மாட்டுவதற்குத்தான் அவளிடம் சுவர் இல்லை.

ஜனவரிக் குளிர் வேனின் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. கணப்பு இருமிக்கொண்டே எரிந்தது. இன்னொரு குளிர்காலத்தை இந்த வண்டி தாங்காது என்று வெர்னாவுக்குத் தெரியும். மகள் தன் வீட்டின் அடித்தளத்தில் ஓர் அறையைத் தயார் செய்துவிட்டு, "எப்பம்மா வர்றே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெர்னா ஒருமுறை அங்கே போயிருக்கிறாள். எந்தத் திசையில் நடந்தாலும் கடல் வராத ஊர். அங்கே போய் மருமகனின் துணிகளை மடித்துக்கொண்டு உட்காருவதை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சை அடைத்தது. ஆனால் வேறு வழி இல்லை, இந்தக் கோடைக்குள் கிளம்ப வேண்டியதுதான் என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. லாப நோக்கமில்லாத ஒரு வீட்டுவசதிச் சங்கம், அரங்கத்தின் பின்பக்கப் பார்க்கிங்கில் நான்கு மாடிக்கு வாடகை வீடுகள் கட்டக் கேட்டிருக்கிறது. அவரவர் வருமானத்துக்குத் தக்க வாடகை. நிலம் நகரத்துடையது என்பதால் நகர மன்றம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தி ஓட்டெடுக்க வேண்டும். வெர்னா செய்தித்தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாவது முறையும் படித்தாள்.

அவள் படித்து முடிப்பதற்குள் மார்லீன் ஸ்விக்கர் வந்துவிட்டாள். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதிகள். மார்லீனும் கணவர் க்ளைடும் குடியிருக்கும் வீடு அரங்கத்துக்கு எதிர்த் தெருவில். பிள்ளைகள் மூவரும் ஹாக்கி ஆடி வளர்ந்து, பறந்துவிட்டார்கள். அவள் கையில் ஒரு கட்டு அட்டைகள், வீட்டு முற்றத்துப் பனியில் ஊன்றிவைப்பதற்கு: நம் அரங்கத்தைக் காப்போம்.

"கேட்டியாடி அநியாயத்த? பின்னாடி பார்க்கிங்ல நாலு மாடி எழுப்பப் போறாங்களாம்."

"ம், பாத்தேன்."

"டோர்னமென்ட் அன்னைக்கு வெளியூர்க்காரன் வண்டிய எங்க நிறுத்துவான்? என் தலையிலயா?"

"உன் தலையில ரெண்டு வண்டி தாராளமா நிறுத்தலாம்."

"சிரிக்காதடி! யார் யாரோ வருவாங்க, எங்கெங்கேர்ந்தோ வருவாங்க. முன்னப்பின்ன தெரியாத சனம். நீ கூட்டத்துக்கு வந்து பேசு. அந்தப் பார்க்கிங்கப் பத்தி உன்ன விட யாருக்குடி தெரியும்?"

அது என்னவோ நிஜம்தான். முடியாது என்று சொல்லத் தெரியாத வெர்னா, பழக்கதோஷத்தில் தலையாட்டினாள். எதிர்த்துப் பேசுகிறவர்களில் அவளும் ஒருத்தி என்று மார்லீன் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

கூட்டத்தன்று நகர மன்றத்தின் மாடிக்கூடம் நிரம்பி வழிந்தது. ஈரக் கம்பளி வாடை. வெர்னா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஏதோ இரண்டு வார்த்தை பார்க்கிங் பற்றிச் சொல்லிவிட்டு நழுவிவிடலாம் என்பது அவள் கணக்கு. முதலாவது ஆள் மைக் முன்னால் நின்றதும்தான் அவளுக்கு அந்த விஷயம் உறைத்தது. பேசுகிறவர்கள் பெயரையும், குடியிருக்கும் தெருவையும் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். அது காலம்காலமாக உள்ள விதி, அவள்தான் மறந்துபோயிருந்தாள். துறைமுகத் தெரு என்றால், அந்த மாடி கோடை விருந்தாளிகளுக்கென்று ஆகிவிட்டது ஊருக்கே தெரியும். தம்பியின் கிராமம் என்றால் அவள் இந்த ஊர்க்காரியே இல்லையென்று ஆகிவிடும்.

ஆட்கள் வந்தார்கள், பேசினார்கள். ஒருவர் கட்டடத்தின் நிழல் தன் ரோஜாச் செடிகள் மேல் விழும் என்றார். வீடு கிடைக்காமல் புது நர்சுகள் வந்த வேகத்திலேயே திரும்பிப் போகிறார்கள் என்று மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு பெண் சொன்னாள். பிறகு, அழகாக டை கட்டிய ஒரு பெரிய மனிதர் எழுந்தார். "வாடகைக்காரங்களக் குத்தம் சொல்லல. ஆனா அவங்களுக்கு ஊர் மேல ஒட்டுதல் இருக்காது. வருவாங்க, போவாங்க."

வெர்னாவுக்குச் சுரீரென்றது. இந்த மனிதரின் மகனுக்கு முதன்முதலில் ஸ்கேட்டுக் கயிறு கட்டிவிட்டது அவள். பல் உடைந்து அவன் அழுதபோது வாயில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டதும் அவள். வாடகைக்காரி. வாழ்நாளில் அவளுக்கு இத்தனை கோபம் வந்ததில்லை.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மார்லீன் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"பேரு, தெரு சொல்லுங்க வெர்னா," என்றார் மேயர் சிரித்தபடி. "எங்களுக்குத் தெரியாததில்ல. பதிவுக்காகத்தான்."

"வெர்னா கோர்க்கம்." தொண்டையைச் செருமினாள். "அரங்கத்துப் பின்பக்க பார்க்கிங். மூணாவது வரிசை, பனிக்குவியலுக்கு அந்தப் பக்கம்."

கூடம் கொல்லென்று சிரித்தது. நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டார்கள்.

"அது வேலை பாக்கற இடம்," என்றார் மேயர். "குடியிருக்கிற இடத்தச் சொல்லுங்க."

"அதத்தாங்க சொல்றேன்."

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. மேயர் வைத்திருந்த பேனா அப்படியே நின்றது.

"பார்க்கிங்கப் பத்திப் பேசச் சொல்லி என்னக் கூட்டிட்டு வந்தாங்க. பேசறேன். டோர்னமென்ட் அன்னைக்கு அது ரொம்பி வழியும், இல்லன்னு சொல்லல. மத்த நாள்ல நானும் நாலு கடல்காக்காவும்தான். யார் யாரோ வந்துடுவாங்கன்னு பயப்படறீங்க. வந்தாச்சுங்க. அக்டோபர்லேர்ந்து இருக்கேன். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல, கேடயம்கூடக் குடுத்தீங்க."

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"கட்டினா எனக்கு வீடு கிடைச்சுடும்னு இல்ல. எத்தனையோ பேரு கேப்பாங்க. ஆனா கேக்கறதுக்கு ஒரு எடமாவது இருக்கும். இல்லன்னா நான் அல்பெர்ட்டா போகணும். எனக்குப் போக இஷ்டமில்ல. இது என் ஊரு. அவ்ளோதாங்க."

அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாக மூச்சுவிட முடிந்தது.

அடுத்த பெயர் மார்லீனுடையது. அவள் எழுந்து வந்து பெயரையும் தெருவையும் சொன்னாள். கையில் எழுதிவைத்திருந்த தாள் இருந்தது. அதைப் பார்த்தாள், மடித்தாள். "என் வீட்டு மாடியில மூணு ரூம் காலியா கெடக்கு," என்றாள். "பார்க்கிங் பத்திப் பேச வந்தேன். இப்ப வாய் வரல." போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டெடுப்பு நடந்தது. டோர்னமென்ட் நாட்களில் பள்ளி மைதானத்தில் வண்டி நிறுத்திக்கொள்ளலாம் என்ற நிபந்தனையை ஒரு கவுன்சிலர் சேர்த்தார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எதிர்ப்பார் என்று எல்லோரும் நினைத்திருந்த ஹாக்கிப் பைத்தியமான கவுன்சிலர் டக் லாங்கில், மேசையைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார். ஒப்புதல் வழங்கப்பட்டது என்றார் மேயர். கட்டி முடிக்க இரண்டு வருடமாவது ஆகும். வெர்னாவுக்கு அது நாளைக்கே என்பது போல் இருந்தது. அல்பெர்ட்டா எங்கோ வெகுதூரத்துக்குப் போய்விட்டது.

வாசற்படியில் மார்லீன் நின்றிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது, குளிரால் மட்டும் இல்லை.

"நீ சொன்னதும் மொதல்ல சிரிச்சது நான்தான்டி," என்றாள்.

"பரவால்ல, விடு."

"என்ன பரவால்ல? ஜன்னலத் தெறந்தா எதுத்தாப்புல அரங்கம், அதுக்குப் பின்னாடி நீ! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது? அவ்ளோ ஆகாதவளாயிட்டேனா?"

"எப்படிடி சொல்றது? உன் வீட்டு வாசல்ல அந்த அட்டை நிக்குதே."

மார்லீன் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வண்டிய எடு. என் வீட்டுக்கு வா."

"ரூம்ல எல்லாம் வந்து தங்க மாட்டேன். கட்டடம் வர்ற வரைக்கும் வாடகை வாங்கிக்கிறதா இருந்தா யோசிக்கறேன்."

"வாங்கறேன்டி, வட்டியோட வாங்கறேன். மொதல்ல வண்டியக் கொண்டு வந்து வாசல்ல நிறுத்து."

"அங்க க்ளைடோட டிரக் நிக்குமே."

"அவன் எடுத்துத் தெருவுல நிறுத்துவான்."

"குளிர்காலத்துல ராத்திரி தெருவுல விட்டா அபராதம் போடுவாங்கடி. பனி வழிக்கிற வண்டி போகணும்ல."

"போடட்டுமே. அவன்தான கட்டப் போறான்."

அரை மணி நேரத்தில் க்ளைடு பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு, என்ன ஏது என்று புரியாமல் தன் டிரக்கை எடுத்துக்கொண்டிருந்தார். வெர்னாவின் வேன் தெருமுனையில் திரும்பி, பின்பக்கமாக மெல்ல வாசலுக்குள் நுழைந்தது. பக்கத்து வீடுகளில் ஜன்னல் திரைகள் விலகின. மார்லீன் பனியில் நின்று இரண்டு கைகளையும் வீசித் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"வா, வா, பயப்படாம வா. இன்னும் எடம் இருக்குடி, வா."