ஆலோசகரிடம் சொன்ன பொய்

வரப்புத் தகராறில் பங்காளியின் மண்டை உடைந்தது. திருவாலங்காட்டில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து ரிமாண்டில் வைத்தார்கள். சிறைக்குள் போனதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் ரத்தம். திறந்தால், செத்துப்போனால் என்ன என்ற எண்ணம்.

ஒருநாள் மனநல ஆலோசகர் என்று ஓர் அம்மா வந்தார். "ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டார். பக்கத்திலேயே வார்டர் நின்றிருந்தார்.

"ஆங், நல்லா தூங்குறேங்க" என்றேன்.

என் அறையில் கனகம்மாசத்திரத்துப் பஞ்சர்கடைக்காரர் ஒருவர் இருந்தார். "வாயத் தொறக்காத பாவா. நீ பேசிகினே இருப்ப, அந்தம்மா எழுதிகினே இருக்கும். நாளைக்கு அதுவே கோர்ட்ல வந்து நிக்கும்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. போலீஸ் அதட்டிக் கேட்டதை இந்த அம்மா அன்பாகக் கேட்கிறார், அவ்வளவுதான்.

அடுத்த முறை வந்தபோது அந்தம்மா வார்டரைத் தள்ளி நிற்கச் சொன்னார். இதுவும் நடிப்போ என்று சோதித்துப் பார்த்தேன். "போர்வ மடிப்புல பீடிக்கட்டு ஒளிச்சு வெச்சிருக்கேங்க. யாராண்டயும் சொல்லிடாதீங்க."

சுத்தப் பொய். அவர், "சரி, சாப்பாடு எறங்குதா?" என்று மட்டும் கேட்டார்.

சில நாளில் சோதனை போட வந்தார்கள். பஞ்சர்கடைக்காரர் 'பாத்தியா' என்பதுபோல் கண்ணைக் காட்டினார். வந்தவர்கள் எல்லா அறைகளையும் கலைத்தார்கள். என் போர்வையைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போய்விட்டார்கள், உதறிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தம்மா யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தூக்கமில்லாததையும் சாகத் தோன்றுவதையும் அவரிடம் சொன்னேன். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். வெளியே கூட்டிப்போகக் காவலுக்குப் போலீஸ் வரவேண்டும். இன்று, நாளை என்று இழுத்தது. மறுபடி சந்தேகம் வந்தது. ஒருவழியாகப் போய் வந்தபின் மாத்திரை கொடுத்தார்கள். வார்டர் எதிரே விழுங்க வேண்டும். முதல் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, அவர் போனதும் துப்பினேன்.

அந்தம்மாவிடம் அதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எதுக்குக் குடுக்குறாங்கன்னு யாராவது சொன்னாங்களா?" என்றார். யாரும் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்து விளக்கினார். அன்று விழுங்கினேன். தூங்கினேன்.

ஜாமீனில் வந்தபின் திருத்தணி ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்கிறேன். தெரிந்தவர்கள் கேட்டால் காய்ச்சல் என்கிறேன். டாக்டர் அறைக்குள் போனதும் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கும் உட்காருகிறேன்.