பாஸ்கரன் சாண் போட்டு அளந்த சாலை

பாஸ்கரன் கவனமில்லாத டிரைவர் என்று உத்தனப்பள்ளிப் பக்கம் இன்னும் பேசுகிறார்கள். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. யார் தடுத்தாலும் முழுதும் சொல்லித்தான் நிறுத்துவேன்.

விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளை. டிப்ளமாவைப் பாதியில் விட்டுவிட்டு ஓசூர் கம்பெனிக்கு வந்தான். காண்ட்ராக்ட் முடிந்ததும் வெளியே அனுப்பினார்கள். பிறகு மாங்காய் மண்டிக்காரர் நாராயணப்பனின் வண்டியை ஓட்டினான். தோப்பில் மாங்காய் பொறுக்கும் எங்களுக்கு அவன் வந்தால் சிரிப்புதான்.

"தெனம் கிருஷ்ணகிரி போயித் திரும்புறேன் ஆத்தா. நூறு கிலோமீட்டர் ஓடியும் பொறப்பட்ட எடத்துலதான் நிக்கேன். எங்க பாடத்துல இதுக்கு இடப்பெயர்ச்சி சைபர்னு சொல்லுவாக."

"அப்ப உன் சம்பளமும் சைபரா?" என்பாள் என்னோடு பொறுக்கும் நஞ்சம்மா.

அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. கியரும் தானாகக் கழன்றுவிடும். சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பான். ஒருநாளும் மறந்ததில்லை.

வண்டி மோதிய அன்றைக்குச் சோறாக்க, அடுப்புக்கு எனக்கு இரண்டு கல்தான் கிடைத்தது. மூன்றாவது கல்லை, சரிவில் நின்ற அவன் வண்டியின் சக்கரத்தடியிலிருந்து எடுத்தேன். வண்டி அசையவில்லை. நிற்கிற வண்டிக்குக் கல் எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

கடைசிக் கூடைகளை ஏற்றியதும் அது நகர்ந்தது. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரிதான். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பாஸ்கரன் பாய்ந்து ஓடினான். கிட்டே போய்விட்டான், கை எட்டுகிற தூரம். அவன் ஓட்டம் ஒரே வேகம். வண்டிக்கோ நொடிக்கு நொடி வேகம் ஏறியது. கீழே எடைக் கொட்டகைச் சுவரில் மோதி நின்றது. ஆளுக்குச் சேதமில்லை.

கொட்டகைக்குள்ளிருந்து ஓடிவந்த நாராயணப்பன் கத்தினார். "டீசல் மிச்சம் பண்ண மேலேர்ந்து நியூட்ரல்ல உருட்டிக்கினு வந்து குதிச்சிட்டியாடா?"

"இல்லண்ணே, இங்க பாருங்க." ரேடியேட்டர் ஒழுகிய சொட்டுகள் சிமெண்ட் சாலையில் வரிசையாகக் கிடந்தன. பாஸ்கரன் மண்டியிட்டுச் சாண் போட்டான். "மொதச் சொட்டுக்கும் ரெண்டாவதுக்கும் ஒரு சாண். அப்புறம் மூணு. அப்புறம் அஞ்சு, ஏழு. சொட்டு ஒரே சீராத்தான் விழுது. எடைவெளிதான் கூடிக்கிட்டே போகுது. ஓட்டிட்டு வந்திருந்தா மொதல்லயே தூரம் தூரமா விழுந்திருக்கும். நின்ன எடத்துலேர்ந்து தானா உருண்டிருக்கு."

வெயிலில் சொட்டுகள் ஒவ்வொன்றாய்க் காய்ந்துகொண்டிருந்தன.

"அப்ப கல்லு வெக்கல."

"வெச்சேண்ணே. சத்தியமா வெச்சேன்."

யாரும் நம்பாமல் சிரித்தார்கள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. என் கூலி போய்விடும் என்ற பயம். வேலை போய், அவன் அன்றே துணிப்பையோடு கிளம்பிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து, மண்டியில் நாலு பேர் இருக்கும்போது நாராயணப்பனிடம் சொன்னேன். "வேற ஆள் வெச்சாச்சும்மா, போ," என்றார். நஞ்சம்மா போன் போட்டுக் கொடுத்தாள். பாஸ்கரனிடமும் சொன்னேன். 

"சோறாச்சும் வெந்துச்சா ஆத்தா?" என்றான்.

போனை நஞ்சம்மா கையில் கொடுத்துவிட்டேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் டிரைவர் வேலை கேட்டிருக்கிறானாம். ஆலைக்காரர்கள் இங்கே விசாரித்து, கவனமில்லாதவன் என்று கேள்விப்பட்டுத் தயங்குகிறார்களாம். எனக்கு அந்த இடம் தெரியாது, பஸ் போர்டும் படிக்கத் தெரியாது. நாளைக்குக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்வேன். கல்லை எடுத்த கை இதுதான் என்று அவர்களிடம் நீட்டிக் காட்டப் போகிறேன்.