மலர்க்கொடி ஊர் பார்த்த நாள்

மலர்க்கொடி பதினோரு வருடமாகத் திருச்சியில் வேலை செய்கிறாள். மலைக்கோட்டை ஏறியதில்லை, ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் போனதில்லை. முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருவாள், படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ள ஒரு வீட்டுக்குள் நுழைவாள். அவர் எழுந்து நடந்தாலோ இறந்தாலோதான் வெளியே வருவாள். நேரே பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவள் நான். எந்த வீட்டுக்கு யாரை அனுப்புவது என்று இன்றும் நான்தான் முடிவு செய்கிறேன்.

போன கார்த்திகையில், மன்னார்புரத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் காலமானார். அடுத்து திருவெறும்பூரில் பானுமதி என்பவரின் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும். நடுவில் ஒரு நாள் இருந்தது. ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று முதல் தடவையாகக் கேட்டாள். நானும் கூடப் போனேன்.

காலையிலிருந்தே அடைமழை. மலைக்கோட்டைப் படிகள் வழுக்கின, பாதியிலேயே இறங்கிவிட்டோம். கீழே கடைத்தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். டிபன் சாப்பிடலாம் என்றேன். பெருமாளைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்றாள். பலர் அப்படித்தான், அதனால் நான் வற்புறுத்தவில்லை. நான் மட்டும் இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்துகொள்ள, வரிசை நகரவே இல்லை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முன்னால் நின்ற பெண் குழந்தையைத் தோள் மாற்றும்போது கை லேசாக இடித்தது. மலர்க்கொடி அவளைத் திட்டினாள். மலம் அள்ளும்போதும், நோயாளியிடம் உதை வாங்கும்போதும் முகம் சுளிக்காதவள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தைகளா என்று திரும்பினேன். பார்த்தால், அந்தக் குளிரிலும் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

துடைத்துவிடத் துண்டு தேடி அவள் பையைத் திறந்தேன். துண்டுக்குள் சுற்றி, சர்க்கரைக்கு ஊசி போடும் இன்சுலின் பேனா இருந்தது.

"யாருது இது?"

"என்னுதுதாங்கக்கா. காலையில போட்டேன்."

ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி, காரணமில்லாத கோபமும் வியர்வையும் வந்து ஆளே விழுந்துவிடும் என்று எத்தனை பேரை அதட்டியவள். புதிதாக வரும் பெண்களுக்கு அந்தப் பாடத்தை அவளைத்தான் நடத்தச் சொல்வேன்.

திட்டு வாங்கிய பெண்ணே குழந்தையின் பையிலிருந்து மாம்பழ ஜூஸ் எடுத்து நீட்டினாள். மலர்க்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பெருமாளைப் பாக்காம ஒண்ணும் வேணாம்."

"இப்படியே இருந்தா நேரா அவர்கிட்டயே போயிடுவ. குடிடி."

குடித்தாள். கால் மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது. வரிசையை விட்டு வெளியே கூட்டிவந்து, புளியோதரை வாங்கி என் கண் முன்னால் சாப்பிட வைத்தேன். மூன்று வருடமாகச் சர்க்கரை இருக்கிறதாம்.

"தெரிஞ்சா எந்த வீட்டுல வச்சுக்குவாங்க? நீங்களே அனுப்ப மாட்டீங்க."

உண்மைதான். அனுப்பியிருக்க மாட்டேன். நோயாளியைத் தூக்கும்போது இப்படி ஆகியிருந்தால் இரண்டு பேருமல்லவா விழுந்திருப்பீர்கள் என்று கேட்டேன். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டவள் போல இலையை மடித்தாள்.

அங்கேயே நின்று பானுமதிக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொல்லி, இவளையே அனுப்பட்டுமா என்று கேட்டேன். அந்தப் பக்கமிருந்து ஒரே கேள்விதான் வந்தது.

"அவங்க இனிமே நேரத்துக்குச் சாப்பிடுவாங்களா?"

மலர்க்கொடி என் முகத்தைப் பார்த்தாள். "சாப்பிடுவேன்னு சொல்லுங்கக்கா."

"நான் சொன்னா ஆச்சா? நீயே சொல்லு" என்று போனை அவள் கையில் கொடுத்தேன்.