மேட்டில் மட்டும் அவிழும் லேஸ்

சொல்லாமல் வராமல் போனவரிடம் முதலில் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும் என்பது விதி. அலுவலகத்தில் காலமெல்லாம் அதைச் செய்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, என்னோடு காலை நடைக்கு வந்துகொண்டிருந்த இளைஞர் திடீரென்று நின்றபோதும் மெமோ எழுதினேன்.

அவர் பக்கத்துக் கிராமமான வில்பட்டிக்காரர். கொடைக்கானலில் ஒரு மருந்துக் கடையில் வேலை. சட்டைப் பொத்தான்களுக்கு ஓய்வே தராத உடம்பு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறைத்தால் மாத்திரை இல்லாமல் தப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "தனியா நடந்தா டீக்கடையில உக்காந்துருவேன் சார். நீங்க கூட்டிட்டுப் போங்க" என்று அவரே கேட்டு வந்தார்.

ஏரியிலிருந்து மேடேறும்போதெல்லாம் அவருடைய ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். குனிந்து வெகுநேரம் கட்டுவார்.

"மேட்டுல மட்டும் அவிழுற லேஸை எந்தக் கடையில வாங்குனீங்க தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார். மறுநாளிலிருந்து வரவில்லை.

மூன்று நாளில் விளக்கம் தருமாறு எழுதி, மெமோவைக் கடையிலேயே கொடுத்தேன். மாதங்கள் போயின, பதில் இல்லை.

பிறகு ஒருநாள் வெள்ளனே ஏரிக்கரையில் நின்றார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டைகள்.

"சுகர் எறங்கிருச்சு சார். ஊர்லருந்து கடைக்கு நடந்தேதான் வர்றேன். மூச்சு வாங்குறத அந்த ரோட்டுல யாரும் பாக்க மாட்டாங்கல்ல?"

இருவரும் நடந்தோம். மேட்டில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவர் குனிந்தார். இறுகக் கட்டியிருந்த லேஸை அவிழ்த்து, நிதானமாகத் திரும்பக் கட்டினார்.

என் மெமோவுக்கு அன்றுதான் பதில் கிடைத்தது; தேதி, தை மூன்று.