சுலோசனாவின் ஓட்டு

ஒரு பெண் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்பதை நான் ஊரறியச் சொன்னேன். சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்ட பிறகும் சொன்னேன். அதனால் அவள் குடும்பம் ஊரைவிட்டே போனது.

இதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அம்மையார்குப்பம் பக்கத்தில் எங்கள் ஊர். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் என் அக்காள் கணவர் நின்றார். எனக்கு அவர் பாவா. அவருக்காக வேலை செய்த முனிரத்தினத்துக்கும் எனக்கும் ஓயாத வாக்குவாதம்.

"நம்ம ஆளுங்கள பூத்துக்கு இட்டுகினு வந்தா போதும்பா. முடிவு பண்ணாதவங்க பின்னாடி சுத்தறது வேஸ்ட்டு" என்பான்.

நான் ஒப்பவில்லை. பேசினால் மனம் மாறும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையிலா தவறு? இல்லை... தவறு என்னிடம் இருந்தது.

சுலோசனா முடிவு செய்யாதவள். அவள் கணவன் தன் அண்ணனின் விசைத்தறிக் கூடத்தில் கூலிக்கு நெய்தான். அந்த அண்ணனோ எதிர் வேட்பாளருக்காக வீடு வீடாகப் போனவர். அவளுக்கு இரண்டு பக்கமும் அக்கறையில்லை. வாசலில் தேங்கும் சாயத் தண்ணீர்தான் கவலை. தறிச் சத்தத்துக்கு நடுவே நின்று திரும்பத் திரும்பப் பேசினேன். முதலில் சிரித்தாள். பிறகு கேள்வி கேட்டாள். கடைசியில் யோசிக்கத் தொடங்கினாள்.

ஓட்டுப்பதிவன்று பள்ளிக்கூட வாசலில், விரல் மை காயுமுன் என்னிடம் வந்தாள்.

"உங்க பாவாவுக்குத்தான் போட்டேண்ணா. எங்க வூட்டுக்காரருக்கே தெரியாது. யாராண்டயும் சொல்லிடாத."

"ஆங், சொல்லமாட்டேம்மா" என்றேன்.

பாவா ஜெயித்தார். எதிராளி வாயடைத்துப்போகும் அளவுக்கு வித்தியாசம்! டீக்கடையில், பட்டாசுப் புகைக்கு நடுவே, முனிரத்தினம் கேட்டான்: "இன்னாப்பா, வூடு வூடா சுத்திகினு இருந்தியே, ஒரு ஓட்டாச்சும் வந்துச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சுலோசனா போட்டாடா! அந்த வூட்லேர்ந்தே ஓட்டு வாங்கிகினு வந்தேன்!"

வாய் தவறிவிட்டது என்று எனக்கு நானே வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். பொய்! அந்த அண்ணனிடம் வேலை செய்கிறவர்கள் கடையில் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். நான் சொன்னதே சரி என்று காட்ட வேண்டியிருந்தது... அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணன் தம்பியைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டார். "ஒம் பொண்டாட்டி யாருக்குப் போட்டாளோ அவனாண்டயே போய்க் கூலி கேளு" என்றாராம். வீட்டில் அவளுக்கு என்ன நேர்ந்தது? தெரியாது. விசாரிக்கவும் நான் போகவில்லை. கொஞ்ச நாளில் ஆந்திராவில் இருக்கும் நகரிக்குக் குடிபோய்விட்டார்கள்.

சென்ற ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில், திருத்தணி பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். அவளே நெருங்கி வந்தாள். கோபமில்லாமல் கேட்டாள்.

"ஒண்ணு சொல்லுண்ணா. என் ஓட்டு இல்லாட்டியும் உங்க பாவா ஜெயிச்சிருப்பாருல்ல?"

"ஆங்... ஜெயிச்சிருப்பாரு."

"அப்புறம் எதுக்குண்ணா அத்தினி வாட்டி வந்த?"

நகரி பஸ் வந்தது. பதிலுக்குக் காத்திராமல் ஏறிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது பஸ் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

மறுபடியும் தேர்தல் வருகிறது. "நீ போய்ப் பேசுனா மனசு மாறுவாங்க" என்று பாவா என்னைத்தான் கூப்பிடுகிறார்.

உண்மை. பேசினால் மாறுவார்கள். என்னை நம்புவார்கள்... அதுதான் பயமாக இருக்கிறது.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.