கந்தகச் சாக்கில் காய்ந்த கருவேலம்பட்டை

ஆமத்தூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, அதில் இரண்டு அரவை மெஷின், விருதுநகர் முதல் சாத்தூர் வரை பெட்டிக்கடைகளில் தொங்கும் என் கருவேலம்பட்டைப் பல்பொடிப் பாக்கெட், மாடி வைத்த வீடு. மூன்றாம் வகுப்போடு நின்றவன், பட்டாசுக் கம்பெனியில் பத்து வருஷம் கந்தகம் சலித்த கையால் உண்டாக்கியவை இவை. வேறு எவனாவது செய்திருந்தால் காட்டட்டும்.

இப்போதுதான் செல்போன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருக்கிறது. போன வருஷம் காலேஜ் வாத்தியார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஈறை வீங்கவைக்கும் கிருமியைக் கருவேலம்பட்டைச் சாறு கொல்கிறதா என்று ஆராய்ச்சியாம். எந்த மரத்தில் உரிப்பது, மேல்தோலைச் சீவி உள்பட்டையை எப்படி எடுப்பது, எல்லாம் சொல்லி, நானே உரித்து ஒரு கூடை கொடுத்தேன். நிழலில் உலர்த்தச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துக் காலேஜ் லேபுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். கண்ணாடித் தட்டில் கிருமி படர்ந்திருந்தது. சாறு விட்ட இடத்தைச் சுற்றி மட்டும் அகலமாக வெறும் வட்டம்.

"பாத்தீகளா அண்ணாச்சி, என்னமாக் கொன்னிருக்கு."

எனக்கும் பெருமைதான். ஆனால் மிச்சமிருந்த பட்டைப் பொடியை விரலில் தேய்த்து மோந்தேன். மூக்கில் ஏறியது பட்டை வாடை இல்லை.

"எதுல சார் உலத்துனீக?"

"வீட்டு மாடி வராந்தாவுல, சாக்கு விரிச்சு."

"எந்தச் சாக்கு?"

"மாமனார் கம்பெனிச் சாக்குதான். நல்லா உதறித்தான் விரிச்சோம்."

மாமனாருக்கு அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. எங்கள் ஊர்களில் கந்தகச் சாக்கு காலியானால் வீட்டுக்கு வந்துவிடும். அதில் மிளகாய்கூடக் காயப்போடுவார்கள்.

"உதறுனாப் போயிருமா? கிருமியக் கொன்னது பட்டையா, கந்தகமா?"

"அண்ணாச்சி, நீங்க எம்புட்டுப் படிச்சிருக்கீக?"

"மூணாப்பு. மூணாப்புக்கே வாடை தெரியுது. உங்க எம்.எஸ்ஸிக்குச் சளி புடிச்சிருக்கா?"

பக்கத்தில் நின்ற அட்டெண்டர் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார். வாத்தியார் ஒரு வாரம் முகம் காட்டவில்லை. பிறகு தானாக வந்தார். மறுபடி உரித்து, என் கொட்டகையில் வெள்ளை வேட்டி விரித்து உலர்த்தி, நானே அரைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை வட்டம் சிறியது. ஆனாலும் இருந்தது. அது பட்டை போட்ட வட்டம்.

கட்டுரை அச்சாகி வந்தது. நன்றி சொன்ன பகுதியை என் மகள் வாசித்தாள். காலேஜ் முதல்வர், ஃப்ரிட்ஜ் கொடுத்த பக்கத்து டிபார்ட்மெண்ட், மாமனார். மாமனாருக்கு எதற்கு நன்றி, சாக்குக்கா? பட்டை 'உள்ளூரில் சேகரிக்கப்பட்டது' என்று ஒரு வரி. உள்ளூரா மரமேறி உரித்தது? கேட்டால், "அடுத்த கட்டுரையில பாப்போம் அண்ணாச்சி" என்கிறார்.

அடுத்தது எனக்கு வேண்டாம். இதே கட்டுரையை ஏதோ மாநாட்டில் வாசிக்கப் போகிறாராம். அதற்குள் திருத்தி அடிக்கட்டும்: பட்டை கொடுத்தவர், பிழையைக் கண்டுபிடித்தவர் என்று என் பெயரை இனிஷியலோடு போட வேண்டும்.