என்னை ஆட்டு டாக்டர் ஆக்கிய மிஸ்

இருட்டிய பிறகு வாசலில் இருமல் கேட்டால், இருமுவது ஆளா ஆடா என்று தெரிந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்; கால்நடை மருத்துவர்களுக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தராத பாடம் இது. கைப்பிள்ளையோடு வெளியூரில் வேலை பார்க்கும் சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

இருமியது யார்?

விளாத்திகுளம் பக்கம் வேலைக்கு வந்த புதிது. வீட்டுக்காரர் ஓசூர் கம்பெனியில். இங்கே நானும் குழந்தையும் மட்டும். கிழவர் ஒருவர் நெஞ்சு பிய்ந்து இருமுவதுபோல் வாசலில் சத்தம். "யாருங்க?" என்றேன். இருமல். "யாருன்னு சொல்லுங்க!" மறுபடி இருமல். அரிவாள்மணையோடு போய் ஜன்னலைத் திறந்தால், படியில் ஒரு செம்மறி. அதன் கயிற்றைப் பிடித்தபடி சுவரோரம் குத்தவைத்திருந்தார் ஆட்டுக்காரர் மாடசாமி. "ஒரு குரல் குடுத்தா என்ன அண்ணாச்சி?" என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

"சீக்கு அதுக்குத்தான டாக்டரம்மா, அதே கூப்பிடட்டும்னு இருந்தேன்."

தட்டில் கிடந்த தவளை

என்னை இந்த வேலைக்கு அனுப்பியது கான்வென்டில் உயிரியல் எடுத்த ரோஸ்லின் மிஸ். "மாட்டுக்கு ஊசி போடவா இவளைக் கான்வென்டுல சேத்தேன்?" என்று குதித்த அப்பாவை, கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கே வந்து வழிக்குக் கொண்டுவந்தவர். அவர் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது. பிளஸ் டூவில் ஒருநாள், அறுத்த தவளையைப் பார்க்கப் பயந்து, கைடைப் பார்த்து இதயம் வரைந்து நீட்டினேன். மிஸ் இங்கிலீஷை விட்டு ஊர்ப்பேச்சுக்கு இறங்கினால் கோபம் என்று அர்த்தம்.

"கைடுல உள்ளது எவனோ அறுத்த தவளை, ஏட்டி. உன் தட்டுல கிடக்குததைப் பாத்து வரை."

ஆட்டு வயிற்றில்

போன வாரம் மாடசாமி அண்ணாச்சியின் ஆடுகள் ஒருவர் நிலத்தில் மேயும்போது நுரைதள்ளி வரிசையாக விழுந்தன. வாடிய இளஞ்சோளப் பயிரைத் தின்றால் ஆடு சாகும். கரிசல் காட்டில் தெரியாதவர் இல்லை. நிலத்துக்காரரும் அதையே சொன்னாராம். ஆனால் நான் அறுத்துப் பார்த்த வயிறுகளில் ஒரு சோள இலைகூட இல்லை. மக்காச்சோள மணிகளும், அவற்றில் பிசறிய பூச்சிமருந்துக் குருணையும்தான் இருந்தன. யாரோ வேண்டுமென்றே வைத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற உதவியாளர் குரலைத் தாழ்த்தினார்.

"நிலத்துக்காரவுக பொல்லாதவுகம்மா. நீங்க கைப்பிள்ளைக்காரி. காய்ச்சல்னு ரெண்டு நாள் லீவு போடுங்க, வேற டாக்டர் வந்து எழுதிட்டுப் போகட்டும்."

வந்தவர்

லீவு போடவில்லை. பார்த்ததை அப்படியே அறிக்கையில் எழுதினேன். அண்ணாச்சி அதைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இன்று இருட்டிய பிறகு கதவைத் தட்டும் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தால் ரோஸ்லின் மிஸ்! ஓடிப்போய்த் திறந்தேன். தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். உட்கார்ந்தார். ஆடுகள் செத்த அந்த நிலம் தன் தம்பியுடையது என்றார். "சோளப்பயிர்னு மாத்தி எழுதிக் குடும்மா. செத்தது ஆடுதான?"

"முடியாது மிஸ்" என்றேன். எனக்கே கேட்காத குரல். நாளைக்கு ஒரு ஆபத்து என்றால் நான் போன் போட நினைத்திருந்ததே இவருக்குத்தான். இனி யார் இருக்கிறார்கள் எனக்கு? மிஸ் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார்.

"தம்பிக்கு உன் வீடு தெரியாம இருந்துச்சு. நான்தான் வழி காட்டுனேன். வெளிய பைக்லதான் நிக்கான்."

வகுப்பில் படிந்த பழக்கம், மிஸ் வாசலைத் தாண்டும்வரை எழுந்தே நின்றேன். பிறகு கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டேன்.